பில்போவைக் காணோம்: ஹாபிட் படங்கள் மூன்றையும் மறுபடி பார்த்தபோது

போன வாரம் மூன்று இரவு உட்கார்ந்து ஹாபிட் படங்கள் மூன்றையும் நீளமான பதிப்பில் பார்த்து முடித்தேன். 182, 186, 164, மொத்தம் 532 நிமிடம். ஒன்பது மணி நேரத்துக்கு எட்டு நிமிடம்தான் குறைவு. டோல்கீன் எழுதிய நாவலோ 19 அத்தியாயம், ஏறக்குறைய 300 பக்கம். ஸ்மாக் என்ற டிராகனிடம் பறிகொடுத்த மலையை மீட்கக் கிளம்பும் தோரினும் மற்றக் குள்ளர்களும், அவர்களோடு சேர்ந்து போகும் பில்போ என்ற ஹாபிட்டும்தான் கதை. இந்த நேரத்தில் புத்தகத்தையே படித்து முடித்துவிடலாமே என்று ரசிகர்கள் 2012-இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்போது அதைத்தான் சொன்னேன், கோபமாகவே சொன்னேன். முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, கூட வந்த நண்பன், புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவன், முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். வீடு வந்து சேரும்வரை அவனோடு சண்டை போட்டேன். இப்போது மறுபடி பார்த்தபோது, அன்றைக்கு அவன் சொன்னவற்றில் பல சரி என்று தோன்றியது. என் கோபமும் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் அது இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வருடம் கழித்து எழுதுகிறேன். கதையின் முடிவுவரை தொட்டுத்தான் எழுதப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

இந்தப் படங்களைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது எல்லோரும் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகம் வரும். புத்தகத்திலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு சின்னக் கதையை ஏன் இப்படி இழுத்தார்கள் என்பதுதான் கேள்வி. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு ஏமாற்றம். அந்தப் படங்களில் ஓர்க் என்ற அரக்கனைப் பார்த்தால் மேக்கப் போட்ட ஒரு மனிதன், வேர்வையும் அழுக்கும் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஓர்க்குகளின் தலைவன் அஸோக் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த உருவம், எவ்வளவு பயங்கரமாக உறுமினாலும் எடையே இல்லாத மாதிரி இருக்கிறது. மூன்றாவதாக, இந்தப் படங்கள் வழியாகத்தான் இந்த உலகத்துக்குள்ளேயே நுழைந்த இளையவர்கள். அவர்களுக்கு இந்தக் குறைகள் எதுவும் கண்ணில் படுவதில்லை, பதிமூன்று குள்ளர்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லுவார்கள். முதல் படம் மட்டுமே நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆக பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் மூன்று படம் என்ற கேள்விக்கு, பணத்தாசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நடந்ததைக் கொஞ்சம் பார்த்தால் படத்தின் தையல் எங்கெங்கே பிரிந்திருக்கிறது என்பது நன்றாகப் புரியும். இதை முதலில் இயக்க இருந்தவர் கியர்மோ டெல் டோரோ, இரண்டு படமாக. வேலை தள்ளிக்கொண்டே போனதில் 2010-இல் அவர் விலகினார். பீட்டர் ஜாக்சன் கையில் எடுத்து 2011 மார்ச்சில் படப்பிடிப்பைத் தொடங்கினார். 2012 ஜூலையில், முதல் படம் வெளிவர ஐந்து மாதம்கூட இல்லாத நேரத்தில், இரண்டு மூன்றாயிற்று. முன்தயாரிப்புக்கு நேரமே கிடைக்கவில்லை, போகிற போக்கில் யோசித்து யோசித்து எடுத்தேன் என்று ஜாக்சனே பிறகு டிஸ்க்கில் வந்த படப்பிடிப்புப் பதிவுகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கடைசிப் போரை எப்படி எடுப்பது என்று முடிவாகாமல், அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் கோபம் குறைந்துவிட்டது. களைத்துப்போய் தனியாக உட்கார்ந்து அடுத்து என்ன எடுப்பது என்று யோசிக்கிற ஒரு மனிதரைத் திட்ட மனசு வரவில்லை.

இரண்டாவது படம் நட்டநடுவில், ஸ்மாக் ஏரி நகரத்தை எரிக்கப் பறக்கும் இடத்தில் அறுந்து நிற்பதும், மூன்றாவது படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்த டிராகன் செத்து விழுவதும் இந்தப் பிரிப்பால் வந்ததுதான். ஒரு வருடம் காத்திருந்து வந்த ரசிகன் சீட்டில் சாய்ந்து உட்காருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். படம் முழுக்க அவனைப் பார்த்துப் பயந்துவிட்டு, அவன் சாவை வேறொரு படத்தின் முன்னுரையாகப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

சரி, முதல் படம். இதில் நான் கட்சி மாறிவிட்டேன். பில்போவின் வீட்டு விருந்து ரொம்ப நீளம், கதை நகரவே இல்லை என்று அன்று நிறைய பேர் சொன்னார்கள். எனக்கு இப்போது அந்த இடம்தான் மூன்று படத்திலும் மிகவும் நிம்மதியான இடம். குள்ளர்கள் ஒவ்வொருவராக வந்து சமையலறையைக் காலி செய்வது, பில்போ தட்டுகள் உடைந்துவிடுமோ என்று பதறுவது, கடைசியில் சிரிப்பெல்லாம் அடங்கி நெருப்பருகில் தோரின் அடித்தொண்டையில் அந்த மலைப்பாட்டைத் தொடங்குவது. பாட்டு நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இருப்பது. அதைப் படிக்கும்போது பில்போவுக்குள் ஏதோ விழித்துக்கொள்ளும், மலையையும் பைன் மரங்களையும் அருவிகளையும் பார்க்க வேண்டும், கைத்தடிக்குப் பதிலாக ஒரு வாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். படத்தில் அந்த ஆசையை யாரும் வாயால் சொல்லவில்லை, பக்கத்து அறையில் தனியாக நிற்கும், பில்போவாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமனின் முகத்தில் அது வந்துவிடுகிறது. இந்தப் பாட்டின் மெட்டு முதல் படம் முழுக்க எழும்பி எழும்பி வரும், அப்புறம் அடுத்த இரண்டு படங்களில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். இசையமைத்த ஹோவர்ட் ஷோர் மற்றபடி குறை வைக்கவில்லை, ஆனாலும் குள்ளர்கள் மலையின் கதவைத் திறக்கும்போது அந்த மெட்டு வரும் வரும் என்று காத்திருந்து ஏமாந்த ரசிகர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலை நடப்பதைப் படத்தில் மாற்றியிருக்கிறார்கள். நாவலில் பில்போ எழுந்து, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நிம்மதியடைந்து, அதற்கடியில் கொஞ்சம் ஏமாற்றமும் இருக்க, பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். மந்திரவாதி காண்டால்ஃப் வந்து கைக்குட்டைகூட எடுக்க விடாமல் அவனைக் கிட்டத்தட்ட வெளியே தள்ளுவார். படத்தில் தள்ள யாரும் இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்த வீடு, யாரும் இல்லாத அமைதி, மேசையில் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம். அவன் அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் பார்க்கிறான், பிறகு காகிதத்தைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டு வயல்வரப்பில் ஓடுகிறான். அன்று இதைத் துரோகம் என்று நினைத்தேன். இன்று, அவன் தானாகவே தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பின்னால் அவன் திரும்பிப் போகலாம் என்ற நிலை வரும்போதெல்லாம் அந்த ஓட்டம் ஞாபகம் வருகிறது.

குகையில் வாழும் கோல்லம் என்ற பிராணியோடு பில்போ விடுகதை போடும் காட்சி பற்றி மட்டும் எந்த ரசிகர் கூட்டத்திலும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஃப்ரீமன் நடித்த முதல் காட்சியே அதுதான், ஆண்டி செர்கிஸுடன். இருட்டுக் குகை, இரண்டே பேர், தோற்றால் உயிர் போகும். நாவலை வரிக்கு வரி எடுக்கவில்லை, ஆனால் அதன் மூச்சு அப்படியே இருக்கிறது. கோல்லம் அழும் முகத்தைப் பார்த்து, கோல்லம் தொலைத்த மாய மோதிரத்தைப் போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ வாளைத் தாழ்த்தும் அந்தச் சில நொடிகளில் வசனம் ஒன்றுகூடக் கிடையாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், புத்தகத்தில் கைவைக்கவே கூடாது என்று வாதாடுகிற நண்பர்களுக்காக. 1937-இல் வந்த முதல் பதிப்பில் இந்தக் காட்சி இப்படி இருக்கவே இல்லை. கோல்லம் அந்த மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தருவதாகத்தான் முதலில் ஒப்புக்கொள்வான், கொடுக்க முடியாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்பான். பிறகு எழுதிய பெரிய நாவலான லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் அந்த மோதிரம் வேறு மாதிரி ஆகிவிட்டதால், டோல்கீனே இந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார், 1951 பதிப்பில்தான் அது வந்தது. நாம் எல்லோரும் உயிராக நினைக்கிற காட்சி, ஆசிரியர் தன் கதையைத் தானே மாற்றியதால் கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. 1960-இல் அவர் ஹாபிட் முழுவதையுமே பெரிய நாவலின் கனத்துக்கு ஏற்ப மறுபடி எழுதத் தொடங்கினார். சில அத்தியாயம் போனதும் ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தார், அவர் நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஹாபிட் இல்லையே என்றாராம். டோல்கீன் அத்தோடு அதை நிறுத்திவிட்டார்.

ஐம்பது வருடம் கழித்து ஜாக்சன் செய்ததும் அதே வேலைதான். சின்னக் கதையைப் பெரிய கதையின் கனத்துக்கு ஏற்றுவது. அவருக்கு அந்த மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லவில்லை போல.

காண்டால்ஃப் நாவலில் மிர்க்வுட் காட்டின் எல்லையில் விடைபெற்றுக்கொண்டு போய்விடுவார், என்ன வேலையாகப் போனார் என்பது கடைசியில் ஓரிரு வரியில் வரும். படம் அந்த ஓரிரு வரியைப் பெரிய நாவலின் பின்னிணைப்புகளோடு சேர்த்து டோல் குல்டூர் என்ற பாழ்கோட்டையின் கிளைக்கதையாக வளர்த்தது. இதைப் பிடித்தவர்களும் உண்டு. எனக்குப் பாதகமில்லை, கேட் பிளான்செட்டையும் கிறிஸ்டோபர் லீயையும் மறுபடி பார்க்கக் கிடைத்ததே என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை அங்கே போய்விட்டுத் திரும்பும்போதும் பில்போ என்ன ஆனான் என்று மனசு தேடுகிறது. என் கோபம் இப்போது இருக்கும் இடம் இதுதான். புதிதாகச் சேர்த்தார்களே என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. சேர்த்தவற்றின் நடுவே, யாருடைய கதையோ அவனையே ஓரத்தில் நிற்க வைத்துவிட்டார்களே என்பதில்தான் வருத்தம்.

இரண்டாவது படத்தில் இது நன்றாகத் தெரியும். சிலந்திகள் வரும் இடம் அருமை. மோதிரத்தைப் போட்டதும் சிலந்திகள் பேசுவது அவனுக்குப் புரிகிறது, குத்து வாங்கிய சிலந்தி கத்துவதிலிருந்தே வாளுக்குப் பெயர் வைக்கிறான். கொஞ்சம் கழித்து மோதிரம் கீழே விழுந்து, அதை எடுக்கக் குறுக்கே வந்த ஒரு குட்டிப் பிராணியை வெறிபிடித்த மாதிரி வெட்டிக் கொல்கிறான். கொன்றுவிட்டு, தான் என்ன செய்தோம் என்று அவன் முகம் வெளிறுகிறது. நாவலில் இப்படி எதுவும் இல்லை. ஆனாலும் இது பில்போவுக்குள் நடக்கிற விஷயம் என்பதால் சேர்த்ததாகவே தோன்றவில்லை. அடுத்து வரும் பீப்பாய்க் காட்சியைப் பாருங்கள். புத்தகத்தில் குள்ளர்களை மூடிய பீப்பாய்களில் அடைத்து, யாருக்கும் தெரியாமல் ஆற்றில் விட்டு, தான் மட்டும் நனைந்து நடுங்கி ஒரு பீப்பாயின் மேல் தொற்றிக்கொண்டு போவது பில்போவின் தந்திரம், அவன் தலைவனாகும் இடம். படத்தில் எல்லாப் பீப்பாயும் திறந்து கிடக்க, ஓர்க்குகளும் எல்ஃப்களும் கரையில் சண்டை போட, எல்ஃப் லெகோலஸ் குள்ளர்கள் தலைமேல் நின்று அம்பு விடுகிறான். சின்னப் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள், நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் இந்தத் திட்டம் போட்டவன் எங்கே என்று அந்தக் கூச்சலில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஸ்மாக்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பெனடிக்ட் கம்பர்பேட்ச் குரல் மட்டும் கொடுக்கவில்லை, உடம்பில் சென்சார் மாட்டிக்கொண்டு தரையில் ஊர்ந்து நடித்தும் கொடுத்தார். தங்கக் காசுகள் சரிந்து அடியிலிருந்து ஒரு கண் திறக்கிற இடம் எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். பிரச்சினை அதற்கு முன்னால் இருக்கிறது, அதற்குப் பின்னாலும் இருக்கிறது.

முன்னால் இருப்பது அந்தச் சுரங்கப்பாதை. நாவலில் எனக்கு ஒரே ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். வயதான குள்ளர் பாலின் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு நின்றுவிடுவார். பில்போ தனியாக இருட்டில் இறங்கிக்கொண்டே போவான், சூடு ஏறும், சிவப்பு வெளிச்சம் தெரியும், டிராகன் குறட்டை விடுவது கேட்கும். அங்கே கால் நின்றுவிடும். அங்கிருந்து எடுத்து வைத்த அடிதான் அவன் வாழ்நாளில் செய்த மிகத் துணிச்சலான காரியம், உண்மையான போரை அவன் டிராகனைப் பார்ப்பதற்கு முன்பே தனியாக அந்தச் சுரங்கத்தில் முடித்துவிட்டான் என்கிறார் ஆசிரியர். சாட்சிக்கு ஒரு ஆள்கூட இல்லாத வீரம். படத்தில் பாலின் அவனை அனுப்பும் விதம் மனசைத் தொடுகிறது, கென் ஸ்டாட் அதை அவ்வளவு அன்பாகச் செய்திருக்கிறார். ஆனால் அந்த நடை, அந்த நிற்பு, அந்த ஒரு அடி, அது கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் அதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாமல் போனதுதான் என்னால் தாங்க முடியாத ஒரே விஷயம். இதில் முதல் படத்தின் முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே தோரினைக் காப்பாற்ற பில்போ ஓர்க் மேல் பாய்கிறான், எல்லோரும் பார்க்கிறார்கள், தோரின் அவனைக் கட்டிக்கொள்கிறார். தியேட்டரே ஆர்ப்பரித்த இடம். அவ்வளவு சீக்கிரம் எல்லோர் கண் முன்னாலும் வீரனாகிவிட்டவனுக்கு, பிறகு இருட்டில் தனியாக நிற்கும் பயம் எங்கிருந்து வரும்?

பின்னால் இருப்பது, டிராகனை உருக்கிய தங்கத்தில் முக்கிக் கொல்லப் பார்க்கும் நீண்ட துரத்தல். நாவலில் கிடையாது. அத்தனை குள்ளர்களைத் துரத்தியும் ஒருவர்மேலும் ஒரு கீறல்கூட விழாததால் டிராகன்மேல் இருந்த பயமே குறைந்துவிடுகிறது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

படத்துக்காகவே உருவாக்கிய டாரியல் விஷயத்தில் என் கருத்தை மாற்றியது என் அண்ணன் மகள். பதிமூன்று வயது. படங்களை முதலில் பார்த்துவிட்டு, அந்த எல்ஃப் வீராங்கனைக்காகவே புத்தகத்தைக் கையில் எடுத்தாள். நாலு நாள் கழித்து வந்து, "சித்தப்பா, இந்தப் புக்ல பொண்ணுங்களே இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பில்போவின் அம்மா பெலடோனா டூக் பெயர் மட்டும் முதல் அத்தியாயத்தில் வரும், கதைக்குள் வந்து பேசும் பெண் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இருபது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது உறைத்ததே இல்லை. அவளைப் போன்ற ஒரு பிள்ளை உள்ளே வருவதற்கு ஒரு வாசல் வேண்டும் என்று எழுத்தாளர்கள் நினைத்ததில் என்ன தப்பு? இவாஞ்சலின் லில்லி அந்தப் பாத்திரத்தை நன்றாகவே செய்திருக்கிறார், காட்டில் அவர் நடக்கும் நடையிலேயே ஒரு எல்ஃப் தெரிகிறார். லெகோலஸ், டாரியல், குள்ளன் கீலி என்று முக்கோணக் காதல் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் நடிக்க வந்தேன், மறுபடி படப்பிடிப்புக்குக் கூப்பிட்டபோது அதைச் சேர்த்துவிட்டார்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆக ரசிகர்கள் சண்டை போட்ட விஷயத்தில் நடிகை ரசிகர்கள் பக்கம்தான் இருந்தார்.

அந்தக் காதல் கெடுத்தது எதை என்பது மூன்றாவது படத்தில்தான் தெரியும். நாவலில் ஃபீலியும் கீலியும் சாவது ஒரே வாக்கியம். தோரினைக் கேடயத்தாலும் உடம்பாலும் மறைத்து நின்று செத்தார்கள், ஏனென்றால் அவர் அவர்களுடைய தாயின் அண்ணன். தாய்மாமன். நமக்கு இந்த உறவு என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கை பிள்ளைகள் இரண்டு பேர் மாமனுக்கு முன்னால் நின்று விழுந்தார்கள் என்று படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். படத்தில் ஃபீலியை அஸோக் தூக்கிப் பிடித்துக் குத்திக் கீழே போடுகிறான். கீலி டாரியலைக் காப்பாற்றப் போய்ச் சாகிறான். தோரினுக்காக ஒருவரும் நின்று சாகவில்லை. இருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே படமாக எடுத்தாலே போதுமாக இருந்த இடத்தில், அதைத் தூக்கிவிட்டு வேறு ஒன்றை வைத்தார்கள், அது பாதிகூட வலிக்கவில்லை. பியோர்னையும் அப்படித்தான். நாவலில் கரடியாக மாறக்கூடிய அவர் அந்த உருவில் போருக்குள் வந்து காயம்பட்ட தோரினைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து போரையே மாற்றுவார். தியேட்டருக்கு வந்த பதிப்பில் கழுகிலிருந்து குதிப்பது மட்டும் சில நொடி. அதே படத்தில் ஏரி நகரத் தலைவனின் கையாள் ஆல்ஃப்ரிட் திரும்பத் திரும்ப வந்து கோழைத்தனம் செய்துகொண்டே இருக்கிறான். இந்தப் பாத்திரத்துக்காக வாதாடிய ஒரு ரசிகரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

போர் முக்கால் மணி நேரம். இதன் நீளப் பதிப்புக்கு அமெரிக்காவில் ஆர் முத்திரை கொடுத்தார்கள், பெரியவர் துணை இல்லாமல் பதினேழு வயதுக்குக் கீழ் பார்க்கக் கூடாது என்று. டோல்கீன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அது.

ஆனால் இதே மூன்றாவது படத்தில்தான் எனக்குக் கண்கள் கலங்கின, ஒரு முறை அல்ல. தங்கப் பித்துப் பிடித்த தோரின், பில்போ கையில் எதையோ மறைப்பதைப் பார்த்து, ரத்தினத்தைத் திருடிவிட்டானா என்று வெறியோடு காட்டச் சொல்கிறார். பில்போ விரித்துக் காட்டுகிறான், ஒரு ஓக் விதை. பியோர்ன் தோட்டத்தில் பொறுக்கியது, ஊருக்குப் போய் நடுவதற்கு. ஒரு நொடி தோரின் முகத்தில் பழைய மனிதன் திரும்பி வந்து சிரித்துவிட்டுப் போகிறான். ரிச்சர்ட் ஆர்மிடேஜ் அந்த ஒரு சிரிப்புக்காகவே என்னிடம் எல்லாப் பாராட்டும் வாங்கிக்கொள்ளலாம். நாவலில் இது இல்லை, ஆனால் இதை எழுதியவர்களுக்கு நாவல் நன்றாகப் புரிந்திருக்கிறது.

தோரின் சாகும்போது சொல்வதையும் மாற்றியிருக்கிறார்கள். புத்தகத்தில், தங்கத்தைவிடச் சாப்பாட்டையும் சிரிப்பையும் பாட்டையும் நம்மில் அதிகம் பேர் மதித்திருந்தால் உலகம் சந்தோஷமாக இருந்திருக்கும் என்பார். படத்தில் அந்த மூன்றின் இடத்தில் வீடு என்று ஒரே சொல் வருகிறது. இதைப் பெரிய குற்றமாகச் சொல்கிறவர்கள் உண்டு, சாப்பாடும் பாட்டும் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் முதல் படத்தில், ஓடிப்போய்விட்டான் என்று நினைத்த பில்போ திரும்பி வந்து, எனக்கு ஒரு வீடு இருக்கிறது, உங்களுக்கு இல்லை, அதை மீட்டுத் தர என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று சொன்னானே, தோரின் சாகும்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறார். அப்படிப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது.

48 ஃப்ரேம் பற்றியும் ஒரு வார்த்தை, அன்று அதுவும் பெரிய சண்டையாக இருந்ததால். வழக்கமான 24-க்குப் பதில் நொடிக்கு 48 ஃப்ரேமில் பரவலாக வெளியான முதல் படம் இது. சிலருக்குத் தலைசுற்றியது, நிறைய பேருக்கு டிவி நாடகம் பார்க்கிற மாதிரி, செட்டும் ஒட்டுமுடியும் தெரிகிற மாதிரி இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் சாதாரணமாகப் பார்க்கும்போது அந்தத் தொல்லை இல்லை.

யார் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், முதல் படத்தை நீளப் பதிப்பிலேயே பாருங்கள், அவசரப்படாமல். இரண்டாவதும் நீளப் பதிப்பிலேயே, பியோர்னும் காடும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறார்கள், தங்க உருவம் செய்கிற இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மூன்றாவதிலும் அதுவே, ஏனென்றால் தோரின் மார்பில் அந்த ரத்தினத்தை வைத்து அடக்கம் செய்யும் காட்சி அதில் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தியேட்டர் பதிப்பில் எப்படி வெட்டினார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் மட்டும் மூன்றாவதற்குத் தியேட்டர் பதிப்பு. மூன்றாவது படம் வந்து சில வாரத்திலேயே, 2015 தொடக்கத்தில், ரசிகர்கள் மூன்றையும் வெட்டி நான்கு மணி நேரப் படமாக்கினார்கள், பிறகு இன்னும் பலர் அவரவர் வெட்டைச் செய்தார்கள். எல்லாவற்றிலும் முதலில் போவது டோல் குல்டூரும் காதலும், யாருமே வெட்டத் துணியாதது பில்போவும் கோல்லமும், பில்போவும் ஸ்மாக்கும்.

போர் முடிந்து எல்லோரும் செத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது, காண்டால்ஃப் வந்து பில்போ பக்கத்தில் உட்காருகிறார். ஒன்றும் பேசவில்லை. புகைக்குழாயை எடுத்துச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார், அந்தச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்கிறது, கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் படம் எடுக்கும்போது உயர வித்தியாசத்துக்காகப் பச்சைத் திரை முன்னால் தனியாக நிற்கவைத்து, குள்ளர்களுக்குப் பதில் அவர்கள் புகைப்படங்களைப் பார்த்துப் பேசச் சொன்னதில் காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் மனமுடைந்து அழுதேவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த மனிதரே இந்தக் காட்சியில் ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்தக் குழுவுக்கு இது எல்லாமே தெரிந்திருந்தது, நேரம்தான் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பில்போ ஊர் திரும்பும்போது அவன் செத்துவிட்டான் என்று வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தான்தான் பில்போ என்று நிரூபிக்க அந்த ஒப்பந்தத்தைக் காட்டுகிறான். ஏலக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, யார் இந்தத் தோரின் ஓக்கன்ஷீல்ட் என்று கேட்கிறார். பில்போ வாசலில் நின்று கொஞ்சம் திணறிவிட்டு, என் நண்பர் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். இது புத்தகத்தில் இல்லை. அடுத்த முறை புத்தகத்தை எடுத்து அந்த ஏலத்தைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குரல் கேட்கும்.